பிடித்தால் நின்றுவிடுவோம்: எங்கள் கூடைப்பந்து மிஸ்ஸைப் பற்றி

கல்லடிக்காரி:
மிஸ் இந்த ஆண்டோடு பயிற்சியை விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். கல்லூரியில் விழா எடுப்பார்கள், கேடயங்களை எண்ணிச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் வராததை நாம் இங்கே எழுதிவைப்போமா? முதலில் நான்.

தரம் 6 முதல் வலைப்பந்து ஆடியவள் நான். மட்டக்களப்பில் கூடைப்பந்து என்றால் அண்ணாமாரின் ஆட்டம். அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்துவிட்டது. அவர்களில் வெபர் அடிகளாரின் பெயரில் ஊர் மைதானமே இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து, அவ்வளவுதான். தரம் 10இல் என் உயரத்தைப் பார்த்து மிஸ் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் பந்து வந்தது, பிடித்தேன், நட்ட மரம் போல நின்றேன். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தவள் நின்று, மூன்று விநாடிக்குள் கைமாற்ற வேண்டும். நான்கு வருடம் காலில் ஊறிய பழக்கம். மிஸ் விசில் ஊதவில்லை. ஒரு சோக்கட்டியை எடுத்துக்கொண்டு குனிந்து, என் இடது சப்பாத்தைச் சுற்றிச் சீமெந்துத் தரையில் கோடு இழுத்தார். "இந்தக் கால் இங்கேயே இருக்கட்டும். மற்றக் காலும் இரண்டு கையும் உன்னுடையவை. நான் வருவதற்குள் எத்தனை பக்கம் திரும்பலாம் என்று கண்டுபிடி, மனே." சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அன்று இருட்டும்போது தரை முழுக்க இடது சப்பாத்துகள். மறுநாள் காலைப் பிரார்த்தனைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் அவற்றின் மேல் கால் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலமீன்மடு மகள்:
எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். வளையத்தில் வலை கிழிந்து தொங்குகிறது, புதிதாக வாங்கக் காசில்லை என்று நான் வீட்டில் சொல்லிவிட்டேன். "வலைக்கா காசு?" என்று அப்பா நைலோன் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரவோடிரவாகப் பின்னி முடித்தார். அவர் அறிந்த வலையின் வேலை என்ன? உள்ளே போனது வெளியே வரக்கூடாது. அடிப்பக்கத்தை நன்றாகச் சுருக்கிவிட்டிருந்தார்.

அடுத்த நாள் முதல் பந்து அழகாக விழுந்தது. விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. தும்புத்தடியால் குத்தி எடுத்தோம். மிஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் வலையை அவிழ்த்து எறியவில்லை. அப்பாவை மைதானத்துக்குக் கூப்பிட்டு, கையில் பந்தைக் கொடுத்து, "இது மட்டும் தப்பிப் போக வேண்டிய மீன், அண்ணன்" என்றார். அப்பா ஏணியில் நின்றபடியே கண்ணைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வெளியூர்ப் போட்டிக்கு நான் வீட்டில் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை.

எங்கள் வீடு 2004 டிசம்பர் 26இல் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறந்து நான் போனபோது அந்த வலை வளையத்திலேயே இருந்தது.

பெயர் வேண்டாம்:
எல்லோரும் புகழ்கிறீர்கள். என் கதையையும் கேளுங்கள். வலைப்பந்தில் கோல் போட்டுப் பழகியவள் நான். அங்கே வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, அகலம் 38 சென்றிமீற்றர்தான். கூடைப்பந்து வளையம் 45. உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 3.05 மீற்றர். எனக்குக் கிணற்றில் கல் போடுவது மாதிரி. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செய்தால் மறிப்பாரின்றி எறியக் கிடைக்கும் பந்து என்றால், என்னைத்தான் பார்ப்பார்கள்.

மாகாணப் போட்டிக்கு முதல் நாள் பட்டியலில் என் பெயர் இல்லை. மிஸ்ஸிடம் கேட்டேன். "கணிதத்தில் எத்தனை?" என்றார். 28. "அதுதான்" என்றார். அரையிறுதியில் மூன்று புள்ளியால் தோற்றோம். தவறவிட்ட ஃப்ரீ த்ரோ மட்டும் ஏழு. சாதாரண தரப் பரீட்சையில் பிறகு கணிதம் சித்தியடைந்தேன், உண்மை. கோபம் இன்னும் போகவில்லை.

காரைதீவு மருமகள்:
படிப்பைப் பார்த்து அணியில் சேர்க்கும் பழக்கம் மிஸ்ஸுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் டெனசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியைப் பயிற்றுவித்த பாட் சமிட்டைப் பற்றி ஓயாமல் சொல்வார். 1974இல் 22 வயதில் பொறுப்பெடுத்தவர். மாதச் சம்பளம் 250 டொலர். வானை ஓட்டியதும் ஜெர்சி தோய்த்ததும் அவரேதான். அந்த ஜெர்சிகளும் டோனட் விற்ற காசில் வாங்கியவை. 2012இல் ஓய்வு பெறும்போது 1098 வெற்றி, எட்டுத் தேசியப் பட்டம். மிஸ் இவற்றை வேகமாகச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்வார்: டெனசியில் முழுக்காலமும் ஆடி முடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். கொஞ்சக் காலத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் கிளாரா பேயர் என்ற ஆசிரியை பெண்களுக்கென்று விதிகள் எழுதி 1895இல் அச்சிட்டார். நெய்ஸ்மித்தின் வரைபடத்திலிருந்த கோடுகளை, ஆடுகிறவர்கள் தாண்டக் கூடாத எல்லைகள் என்று அவர் பிழையாக விளங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். வலைப்பந்தில் ஆளுக்கொரு பகுதி பிரித்திருக்கிறதே, அதற்கு அந்த விதிகளோடு உறவு. மட்டக்களப்புக்கு வந்த குருமாரும் இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் பிரிவைச் சேர்ந்தவர்கள்தான். "உங்களைக் கோட்டுக்குள் நிறுத்தியதும் அந்த ஊர், இங்கே பந்தைக் கொண்டுவந்ததும் அந்த ஊர். நான் யாரோடு சண்டை பிடிப்பது?" என்பார் மிஸ்.

பெயர் வேண்டாம்:
அங்கே பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் இருந்தது. நமக்கு வடைதான். விளையாட்டுப் போட்டி நாளில் வடையும் பற்றிஸும் விற்று ஜெர்சி வாங்கியது மறந்துபோயிற்றா? எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் மிஸ்தான் நின்றார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சம்பளம் என்று அவருக்கு ஒன்றுமில்லை. பெற்றோர் சேர்ந்து கொடுத்த சிறு தொகை, அதுவும் சில மாதம் வராது. பகலில் அலுவலக வேலை, நான்கு மணிக்கு சைக்கிள் கரியரில் வெங்காயச் சாக்கு நிறையப் பந்தோடு வருவார்.

ஊறணி அப்பா:
என் மகளும் அவரிடம் ஆடியவள். ரியூசனை விட்டுவிட்டு இது என்ன ஆட்டம் என்று மிஸ்ஸிடம் சண்டைக்குப் போனேன். அவர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பியை என் கையில் தந்து, "பேசிக்கொண்டே அடியுங்கள், அண்ணன்" என்றார். ஒன்பது பந்து அடித்தேன். முடித்தபோது என்ன பேச வந்தேன் என்பதே நினைவில்லை.

கல்லடிக்காரி:
விழாவன்று பின்னேரம் பழைய பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடுவதென்று பேச்சு இருக்கிறது. "பெயர் வேண்டாம்", நீங்களும் வர வேண்டும், ஃப்ரீ த்ரோ எல்லாம் உங்களுக்குத்தான். சேலையோடு வருகிறவர்கள் பையில் சப்பாத்து வைத்திருங்கள். செருப்போடு மிஸ் யாரையும் கோட்டுக்கு உள்ளே விடமாட்டார்.