குலுக்கல் பெட்டிக்கு ரேண்டம் எண் எங்கிருந்து எடுப்பது?

தோட்டத்துப் பையன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் அன்னதானம் முடிந்ததும் குலுக்கல் நடக்கும், 300 டிக்கெட், முதல் பரிசு மோட்டார் சைக்கிள். இந்த வருஷம் துண்டுச் சீட்டுக்குப் பதில் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில் பெட்டி செய்கிறேன். ரேண்டம் ஃபங்ஷனை அப்படியே விட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் அதே வரிசைதான் வருகிறது. எதிலும் இணைக்காத அனலாக் பின்னைப் படித்து அதையே விதை எண்ணாக, அதாவது வரிசை தொடங்கும் எண்ணாகக் கொடு என்கிறார்கள். அது போதுமா?

மின்கம்பி:
போதாது தம்பி. அந்தப் பின் 10 பிட், எவ்வளவு ஆடினாலும் 0 முதல் 1023 வரைதான், அதிலும் பெரும்பாலும் ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றும். 1995-ல் நெட்ஸ்கேப் பிரௌசரின் பாதுகாப்பை இரண்டு மாணவர்கள் உடைத்ததும் இப்படித்தான், நேரத்தையும் புராசஸ் எண்ணையும் வைத்து விதை போட்டிருந்ததால் ஊகிக்க முடிந்தது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை வாங்கு. ரேடியோ இரைச்சலிலிருந்தே எண் எடுக்கும், ஆனால் வைஃபையோ புளூடூத்தோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லேப்டாப் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, பைத்தான் நிரல்மொழியில் சீக்ரெட்ஸ் மாட்யூல் போதும்.

ஈப்போக்காரி:
ஜிங்க் கூரைக்குக் கீழே மைக் வைத்து மழைச் சத்தத்தை எடுத்தால்? ராண்டம்.ஆர்க் தளம்கூட 1998-லிருந்து வளிமண்டல ரேடியோ இரைச்சலைத்தானே பயன்படுத்துகிறது.

மின்கம்பி:
எடுக்கலாம் அக்கா, அன்றைக்கு மழை வந்தால். ஆனால் 0-வும் 1-ம் சரிசமமாக வராது. கணித மேதை ஃபான் நாய்மன் சொன்ன வழி ஒன்று உண்டு: இரண்டிரண்டு பிட்டாக எடுத்து 01 என்றால் 0, 10 என்றால் 1, 00-வும் 11-ம் வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரு பிட் அடுத்ததைச் சாராமல் இருந்தால்தான் அது சரிப்படும், மழைச் சத்தத்தில் பக்கத்துப் பக்கத்து அளவுகள் ஒட்டிக்கொண்டே வரும். நிறைய பதிவு செய்து மொத்தமாக எஸ்எச்ஏ256 ஹாஷில் போடுவதே மேல், எதைப் போட்டாலும் கலக்கி ஒரே நீளத்தில் ஒரு பெரிய எண்ணாகத் தரும் கணக்கு அது.

பழைய கிராணி:
பெட்டி உன் மாமா மகனுக்கே மோட்டாரைக் கொடுத்துவிட்டால், ரேடியோ இரைச்சல் என்று சொல்லிப் பார், யார் கேட்பார்கள்? ரேண்டமாக இருப்பது ஒன்று, நீ கைவைக்கவில்லை என்று ஊர் சரிபார்க்க முடிவது இன்னொன்று. டிக்கெட் விற்பனையை முதலில் மூடு. அப்புறம் வரும் சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரி முடிவை விதையாக எடுப்போம், எந்தக் கம்பெனி, எந்தக் கணக்கு என்று முன்கூட்டியே போர்டில் ஒட்டிவிடு. முதல் பரிசு எண்ணை மட்டும் எடுத்து 300-ஆல் வகுத்து மீதியைப் பார்க்காதே, 10,000 எண்களில் 100 டிக்கெட்டுக்கு 34 வாய்ப்பும் மற்றவற்றுக்கு 33-ம் விழும். வெற்றி எண்கள் 23-ஐயும் வரிசையாகச் சேர்த்து ஹாஷ் பண்ணி, வரும் பெரிய எண்ணில் மீதியைப் பார். பாஸ்வேர்டுக்கு மட்டும் இதைத் தொடாதே, ஊருக்கே தெரிந்த எண்.

தோட்டத்துப் பையன்:
ஐயா, கோவில் கூட்டத்தில் நாலு நம்பர் என்று வாயைத் திறந்தாலே செயலாளர் எழுந்து போய்விடுவார்.

பழைய கிராணி:
அதுவும் சரி லா. அப்படியென்றால் ஐந்து பேரைக் கூப்பிடு, ஆளுக்கொரு நீளமான எண்ணை எழுதிக் கவரில் ஒட்டிக் கொடுக்கட்டும், எல்லாம் வந்த பிறகு சபையில் பிரித்து, சேர்த்து ஹாஷ் பண்ணு. ஒருத்தர் ஒழுங்காக எழுதி, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தாலே போதும், மற்ற நாலு பேர் கூடிப் பேசி வைத்திருந்தாலும் முடிவைத் திருப்ப முடியாது. ஈஎஸ்பி32 எண்ணை ஆறாவது கவரில் போடு.