11 வயசுப் பையனுக்கு முதல் ஸ்பிட்ஃபயர் கிட்: 1:72-ஆ, 1:48-ஆ?

வளவுவீடு:
செட்டிநாட்டுப் பழைய போர்க்கால விமான ஓடுபாதைப் பேச்சைக் கேட்டதிலிருந்து அண்ணன் மகனுக்கு இரண்டாம் உலகப் போர் விமானம்னா உசிரு. பிரிட்டன் போர் விமானமான ஸ்பிட்ஃபயரோட பிளாஸ்டிக் மாடல் கிட் வேணுங்கிறான், பாகங்களை ஒட்டிச் செய்யறது. ஊர் காரைக்குடி, கிட்டை ஆன்லைன்லதான் வாங்கணும். எந்த அளவு எடுக்கலாம்? பசை, பெயின்ட் தனியா வாங்கணுமா? பத்து நாள்ல பரண்ல ஏறிடக் கூடாது.

மெர்லின்27:
1:72 எடுங்க ஆச்சி, அதாவது நிஜ விமானத்துல 72-ல ஒரு பங்கு. ஸ்பிட்ஃபயர் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1:72-ல 15.6 செ.மீ., 1:48-ல 23.4 செ.மீ. பெருசுல பாகம் கூட, விலையும் கூட. பெயின்ட், பசை, தூரிகை சேர்ந்து வர்ற ஆரம்பப் பெட்டி கிடைக்கும், முதல் தடவைக்கு அதுவே போதும்.

ஆனா பெட்டி வர்றதுக்கு முன்னாடியே அடையாளம் பார்க்கப் பழக்குங்க. பித்து நிலைக்கிறது அதுலதான். ஸ்பிட்ஃபயருக்கு முட்டை வடிவ இறக்கை. சக்கரம் வெளிப்பக்கமா மடங்கும், அதனால தரையில கால் நெருக்கமா நிற்கும். அதே காலத்து இன்னொரு பிரிட்டன் போர் விமானமான ஹரிக்கேனுக்கு உள்பக்கமா மடங்கும், கால் அகலம், உடம்பின் பின்பாதி துணி போர்த்தியது. அப்புறம் ஸ்பிட்ஃபயர் அடிவயிற்றைப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு இறக்கைக்குக் கீழே அகலமான ரேடியேட்டர், மறுபக்கம் ஒல்லியான ஆயில் கூலர்னா மார்க் 1, 2 அல்லது 5 (மார்க்-ங்கிறது அந்த விமானத்தோட பதிப்பு எண்). ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பெட்டின்னா மார்க் 8, 9 வகை. பின் சக்கரமும் உள்ளே மடங்கினா 9 இல்லை, 8. இதைப் படத்தைப் பார்த்துச் சொல்லிட்டான்னா அப்புறம் அவனை நிறுத்த முடியாது.

ஒட்டுப்பசை:
1:48-தான் சின்னக் கைக்குச் சுலபம்னு நான் சொல்வேன். சரி, 1:72-ன்னே வச்சுக்குங்க.

பாகங்களை, அவை மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்தோட பாத்திர சோப்பில் கழுவிக் காய வைங்க. அச்சிலிருந்து வர்ற எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பெயின்ட் உரியும். கையால முறுக்கிப் பிடுங்க விடாதீங்க, நகவெட்டியால கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை 400, அப்புறம் 800 நம்பர் எமரித் தாளால தேய்க்கலாம். கத்தி உங்க கையில இருக்கட்டும்.

பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டுறது இல்லை, பிளாஸ்டிக்கையே கரைச்சு இணைக்கிறது. ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இடுக்குல தூரிகை நுனியைத் தொட்டா போதும், தானே உள்ளே ஓடும். வழிய விட்டா விரல் ரேகை அப்படியே பதிஞ்சிடும். எல்லாரும் சறுக்குற இடம் இறக்கை வேர், அதாவது இறக்கை உடம்போட சேர்ற இடம். மேலே இடைவெளி விழும். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு, உடம்புக்கு மேலா மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டுங்க. இறக்கை மேலே எழும்பி இடைவெளி மூடும். ராத்திரி முழுக்க விட்டுடுங்க.

முதல் விமானத்துக்குச் சக்கரத்தை மடக்கியே செய்யட்டும். அந்தக் கால்தான் முதல்ல உடையும். மூடிக் கதவு சரியா உட்காராது, கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும்.

அத்தங்குடிக் கல் தரையில உட்கார்ந்து செய்யறதா இருந்தா அடியில ஒரு தாம்பாளம் வைங்க. தெறிச்ச பாகத்தை அந்தப் பூ டிசைன்ல யாரும் கண்டுபிடிச்சதில்லை. சித்திரை வெயில்ல அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காயும், ஒரு சொட்டுத் தண்ணி கலந்துக்குங்க. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல லாக்கர் ஸ்பிரே அடிச்சா வெள்ளையாப் பூக்கும், மழை விட்டதும் அடிங்க.

வளவுவீடு:
கிட் வந்துடுச்சு, பாதி முடிஞ்சது. விமானி மேல வர்ற கண்ணாடிக் கூண்டு உள்ளே புகை படிஞ்ச மாதிரி வெள்ளையாயிடுச்சு. ஏன்?

ஒட்டுப்பசை:
சூப்பர் குளூ போட்டிருப்பான். அதோட ஆவி கண்ணாடியில படிஞ்சு வெளுக்கும். மெதுவா கழட்டி 1000 நம்பர் தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சு, கடைசியில பற்பசையைத் துணியில வச்சு மெருகேத்துங்க. திரும்ப ஒட்ட ஃபெவிக்கால் போதும், காய்ஞ்சா தெளிவாயிடும்.

கானாடுகாத்தான்காரன்:
ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். முதல்ல பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். ஸ்டிக்கரை வெதுவெதுப்பான தண்ணியில 15 நொடி நனைச்சு எடுத்து ஒரு நிமிஷம் விடுங்க. தானா வழுக்கினப்புறம் நகர்த்துங்க.

பையன் வட்டச் சின்னத்தைக் கேட்பான். பிரிட்டன் விமானத்துல நடுவுல சிவப்பு இருக்கும். பர்மாப் போர்முனையில ஜப்பான் சின்னம்னு நினைச்சு நம்ம ஆளே சுட்டுடக் கூடாதுன்னு சிவப்பை எடுத்துட்டாங்க. அடர் நீலம், நடுவுல வெளிர் நீலம். இந்திய விமானப்படையின் 8-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே ஓட்டினது மார்க் 8. பெட்டியில இருக்கிறது மார்க் 1-னா சிவப்பை அப்படியே விடுங்க, அது பர்மாவுக்கு வந்ததில்லை. பர்மாத் தேக்குத் தூண் நிக்கிற வீட்டுக்கு அடுத்த கிட் மார்க் 8-ஆ இருந்தாத்தான் பொருத்தம்.

நிஜ ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் மூணையும் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துல வச்சிருக்காங்க. பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகம் நமக்குக் கிட்ட, ஆனா அங்கே மாருத், மிக்-21 மாதிரி ஜெட் விமானக் காலம். செட்டிநாட்டு ஓடுபாதைக்குள்ள கேட்காம நுழைய வேண்டாம்.

வளவுவீடு:
மார்க் 1-தான். சிவப்பை விட்டுட்டோம். கூண்டு தெளிஞ்சிடுச்சு, வார்னிஷ் காயுது.