பணிமனையில் நின்ற காரின் ஒயரை எலி கடித்தால் செலவு யாருடையது?

துரைப்பாக்கம்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டும் சில மாதங்களும் ஆன என் காரின் முன்பம்பர் தூணில் உரசி உடைந்தது. காப்பீட்டில் கோரினால் கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்று கணக்குப் பார்த்து, கைப்பணத்திலேயே மாற்றிக்கொள்ள அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். பம்பர் வந்து சேர 19 நாள் ஆயிற்று. அத்தனை நாளும் வண்டி அவர்களுடைய பின்கட்டில், ஊழியர்கள் சாப்பிடும் கொட்டகையை ஒட்டியே நின்றது. எடுத்துக்கொண்டு வரும் வழியில் என்ஜின் விளக்கு எரிவதைப் பார்த்தேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்தால், அடிப்பஞ்சு பிய்க்கப்பட்டு பேட்டரிக்குக் கீழே கூடுபோலக் குவிந்திருக்கிறது. எலிப்புழுக்கையும் காய்ந்த சோற்றுப் பருக்கையும் கிடக்கின்றன. நான்கைந்து ஒயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருக்கின்றன. சர்வீஸ் சென்டர் ஹார்னஸ் எனப்படும் ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று பாகத்துக்கு 58,000, கூலிக்கு 10,000, ஆக 68,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக்கொடுத்துவிட்டு, எலிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்கிறது. இந்தப் பணத்தை யார் தர வேண்டும்?

கோவை பணிமனையாளர்:
நான் அந்த சர்வீஸ் சென்டரைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் இருபது ஆண்டாக இதே தொழிலில் இருப்பவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். வண்டி ஓடும் நிலையில் கொடுக்கப்பட்டது, நீங்கள் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டீர்கள், பிறகு அது ஓர் இரவு முழுவதும் உங்கள் குடியிருப்பில் நின்றது. இன்ஜின் சூடு ஆறாத வண்டியைத் தேடி எலி வருவது சென்னையில் எந்தக் குடியிருப்பிலும் நடப்பதுதான். மழைநீர் வடிகாலும் குப்பைத்தொட்டியும் பக்கத்தில் இருந்தால் பெருச்சாளியே வரும். இரண்டு இடத்தில் நின்ற வண்டிக்கு ஓரிடத்துக்காரரை மட்டும் குற்றவாளி என்பது எப்படி நியாயம்? வண்டியை எடுக்கும்போது எழுதித் தரும் எங்கள் ஜாப் கார்டின் பின்புறத்தில் வண்டி உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது என்று அச்சிட்டிருக்கிறோம்; எல்லோரும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள்.

கார்ப்பித்தன்:
உண்மையில் தர வேண்டியவர் கார் தயாரிப்பாளர். ஒயர் உறையில் சோயாவைக் கலந்துவிட்டு எலியைக் குறை சொல்கிறார்கள். 2016இல் கலிபோர்னியாவில் டொயோட்டா மீது உரிமையாளர்கள் இதே காரணத்தைச் சொல்லி வழக்குத் தொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
தம்பி, வழக்குத் தொடுத்தார்கள் என்பது வேறு, சோயாதான் காரணம் என்று நிறுவப்படுவது வேறு. சோயா வருவதற்கு முன்பே அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் எலி கடித்த ஒயர்களை நான் பார்த்திருக்கிறேன். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்க்காவிட்டால் அதனால் தின்னவே முடியாது. அதற்கு ஒயரும் ஒன்றுதான், மரச்சட்டமும் ஒன்றுதான். தயாரிப்பாளர் வாரண்டியிலும் விலங்குகளால் நேர்ந்த சேதம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். அந்தக் கதவைத் தட்டி நேரத்தைப் போக்க வேண்டாம்.

துரைப்பாக்கம்வாசி ஐயாவுக்கு என் யோசனை, காப்பீட்டில் கோருங்கள் என்பதே. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. சொந்தச் சேதக் காப்பீடு இருந்தால் கிடைக்கும். ‘எலி’ என்ற சொல் பாலிசியின் ஆபத்துப் பட்டியலில் இல்லை, வெளியிலிருந்து நேர்ந்த விபத்து என்ற தலைப்பில்தான் இது ஏற்கப்படுகிறது. ஆகவே படிவத்தில் ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மின்சாரக் கோளாறு, இயந்திரக் கோளாறு ஆகியவை விலக்கு என்பதால் அந்த ஒரு வரியை வைத்தே மறுத்துவிட இடம் உண்டு. எலி கடித்ததாக எழுதி, கூடு, புழுக்கை, கடிபட்ட முனை மூன்றையும் படமெடுத்து இணையுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்வையிடும் வரை எதையும் பிரிக்க வேண்டாம். பாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டிப் எடுத்திருக்கிறீர்களா?

துரைப்பாக்கம்வாசி:
சொந்தச் சேதக் காப்பீடு உண்டு. ஜீரோ டிப் எடுக்கவில்லை. இதுவரை ஒரு முறைகூடக் கோரியதில்லை என்பதால் இப்போது 45% போனஸில் இருக்கிறேன், அடுத்த புதுப்பிப்பில் 50% ஆகும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அப்படியானால் கணக்கு இதுதான். நான்கு ஆண்டுக்கு மேல் ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குத் தேய்மானம் 35%. ஹார்னஸை பிளாஸ்டிக் பாகமாகச் சேர்த்தால் 50%. செம்பும் பிளாஸ்டிக்கும் கலந்த பொருள் என்பதால் இதில் தகராறு வரும், 35 என்றே வாதாடுங்கள். 58,000இல் 20,300 கழிந்து 37,700, கூலி 10,000, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 46,700 கைக்கு வரும். கழிவு 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டியானால் 2,000. மீதி 21,300 உங்கள் பையிலிருந்து. போனஸ் வேறு பூஜ்யத்துக்கு இறங்கி மீண்டும் 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முன் உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 என்றும் அது மாறாது என்றும் வைத்தால், ஐந்து ஆண்டில் 11,250 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

மயிலை வழக்கறிஞர்:
சர்வேயர் ஐயா போட்ட கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 21,300ஐயும் 11,250ஐயும் கூட்டினால் 32,550 ரூபாய், ஒரு தவறும் செய்யாதவர் தலையில் விழுகிறது. காப்பீட்டில் கோரிக்கொள்ளுங்கள் என்று பணிமனை சொல்வது, என் அலட்சியத்துக்கு நீங்கள் பாதி கட்டுங்கள் என்பதற்குச் சமம். சாவியை வாங்கி வண்டியை வைத்துக்கொண்டவர் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்படைப்புப் பெற்றவர். விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்கு எடுக்கும் கவனத்தை அவர் எடுக்க வேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கவனத்தை எடுத்திருந்தால் 152ஆம் பிரிவு அவரைக் காக்கும் என்பதையும் மறைக்கவில்லை. எடுத்தாரா என்பதே கேள்வி, அதைக் காட்ட வேண்டியவரும் அவரே. அச்சடித்த வாசகத்தைப் பற்றிச் சொன்னார் பணிமனையாளர். டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் 1998இல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் திருடுபோன வழக்கில், சீட்டில் உரிமையாளர் பொறுப்பு என்று அச்சிட்டிருந்தும், உரிய கவனம் எடுத்ததை ஹோட்டல் முதலில் காட்ட வேண்டும் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருடனுக்கு உள்ள விதி எலிக்கு மட்டும் எப்படி மாறும்?

கோவை பணிமனையாளர்:
அம்மா, திருடன் வண்டியைக் கொண்டுபோன இடமும் நேரமும் அங்கே தெரிந்திருந்தன. இங்கே எலி எந்த இரவில் கடித்தது என்பதே தெரியவில்லை. அதைத்தான் நான் கேட்கிறேன்.

கவனம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பாகத்துக்காகக் காத்திருக்கும் வண்டியின் பானெட்டை இரவில் திறந்து வைப்போம், புகையிலைக் காம்பையோ ரசகற்பூரத்தையோ கட்டித் தொங்கவிடுவோம், மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து இடம் மாற்றுவோம். சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் 19 நாள் மூடியபடி நிறுத்தினார்கள் என்பது உண்மையானால், அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
எந்த இரவு என்பதை வண்டியே சொல்லக்கூடும். என்ஜின் விளக்கு எரிந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை வண்டியின் கணினியான ஈசியு தனியாக எண்ணிவைக்கும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துப் படமெடுங்கள். மெக்கானிக்கைப் பிழைக் குறியீட்டை அழிக்க மட்டும் விடாதீர்கள், அழித்தால் அந்த எண்ணும் போய்விடும்.

துரைப்பாக்கம்வாசி:
பார்த்துவிட்டேன். பேட்டரியை இன்னும் கழற்றாதது நல்லதாயிற்று. விளக்கு எரிந்தபின் ஓடிய தூரம் 21 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. சர்வீஸ் சென்டரிலிருந்து என் வீடு 22 கிலோமீட்டர். வண்டியை விடும்போது எழுதிய ஜாப் கார்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று அவர்களே குறித்திருக்கிறார்கள்.

கோவை பணிமனையாளர்:
சரி, கடித்த இடம் அவர்கள் பின்கட்டுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் கடித்திருந்தால் அந்த எண் பூஜ்யமாக இருந்திருக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் 68,000 அதிகம். நான்கைந்து ஒயரை ஈயப்பற்று வைத்து இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டால் ஐயாயிரத்துக்குள் முடியும் வேலை.

மயிலை வழக்கறிஞர்:
முடியலாம். ஆனால் முழு ஹார்னஸையும் மாற்றியாக வேண்டும் என்று கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தது அதே சர்வீஸ் சென்டர். காப்பீடோ வாடிக்கையாளரோ கட்டும்போது மாற்றியே ஆகவேண்டும், தங்கள் பணம் என்றால் ஒட்டுப்போட்டால் போதும் என்று நுகர்வோர் ஆணையத்தில் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அந்த வாதத்தை நானும் ஏற்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: சர்வீஸ் சென்டர் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து ‘இனி உரிமை கோர மாட்டேன்’ என்று எழுதி வாங்கப் பார்க்கும். அதில் கையெழுத்திட்டால், பிறகு காப்பீட்டு நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று அவர்களிடம் வசூலிக்கும் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று உங்கள் கோரிக்கையையே மறுக்கலாம். தகவலை இன்றே பாலிசி நிறுவனத்துக்குத் தெரிவித்துவைத்துவிட்டு, பேச்சைப் பணிமனையோடு நடத்துங்கள்.

துரைப்பாக்கம்வாசி:
பாலிசி நிறுவனத்துக்குத் தகவல் தந்துவிட்டேன். சர்வீஸ் சென்டருக்கு 15 நாள் கெடு வைத்து, ஜாப் கார்டு, ஸ்கேனர் படம், அவர்களுடைய 68,000 ரூபாய் மதிப்பீடு மூன்றின் நகலோடு விரைவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். மாலையில் அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஸ்கேனர் எண்ணை எனக்கு யார் பார்க்கச் சொன்னது என்று கேட்டார்.