1397-இல் எந்த உரிமம் ஐயா?

பாத்வாசி: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்து ஜார்ஜ் இன்னில் இரண்டு நாள் தங்கினோம். 1397 முதல் உரிமம் உள்ள, பிரிட்டனிலேயே பழைய பப்." போய் வந்தது சந்தோஷம். ஆனால் ஆல்ஹவுஸ், அதாவது பீர் விற்கும் கடை, நடத்த உரிமம் வேண்டும் என்ற சட்டமே 1552-இல், ஆறாம் எட்வர்ட் காலத்தில்தான் வந்தது. அதற்கு 155 வருஷம் முன்னால் இந்தப் பப்புக்கு யார் உரிமம் கொடுத்தது?

கம்பளிப்போர்வை: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். ஹின்டன் மடத்துத் துறவிகள் கட்டிய சத்திரம் அது, கம்பளி வியாபாரிகள் வந்து போன இடம். கீழ்த்தளம் கல், மேலே இரண்டு மாடியும் மரச்சட்டம், தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பின்பக்கப் புல்வெளியில் ஒரு கிளாஸோடு உட்கார்ந்தால் எதிரே தேவாலயக் கோபுரம். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்காது.

பாத்வாசி: கட்டடம் புதுசு என்று நான் சொன்னேனா? உரிமம் என்றீர்களே, அது எங்கே?

யாழ்தேவன்: முதலில் அது நோர்ட்டன், நார்ட்டன் இல்லை.

பாத்வாசி: வந்துவிட்டார் உச்சரிப்பு வாத்தியார். உங்கள் ஊரில் கோப்பி, எங்கள் ஊரில் காபி. விடுங்கள் அண்ணை.

யாழ்தேவன்: பாத் நகரில் பதினைந்து வருசம் இருந்தும் பக்கத்து ஊரின் பெயர் வாயில் வராவிட்டால் நான் என்ன செய்ய?

சைவச்சாப்பாடு: அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு போகிறோம். ரெஸ்டாரண்டில் சைவம் கிடைக்குமா?

கம்பளிப்போர்வை: பாத்வாசி அண்ணே, பதினேழாம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸே அந்த ஊரில் தங்கியிருக்கிறார். அவரை விடப் பெரிய ஆளா நீங்கள்?

பாத்வாசி: தங்கவில்லை! 1668 ஜூன் 12. தேவாலயத்தைப் பார்த்தார், ஆறு மணிகளின் ஓசையை மெச்சினார், 10 ஷில்லிங்குக்கு நன்றாகச் சாப்பிட்டார், இருட்டுவதற்குள் பாத் போய்ச் சேர்ந்தார். சாப்பாட்டுக் கணக்கு வரை எழுதிய மனிதர் 1397 உரிமத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மழைக்குடை: 1685-இல் ராஜாவுக்கு எதிராகக் கிளம்பிய மான்மத் கோமகன் அவர் படையோடு மோதியதும் இதே ஊரில்தான். அதைப் பேசலாமே.

பாத்வாசி: மான்மத் உரிமம் கொண்டுவந்தாரா?

கம்பளிப்போர்வை: போன வருஷம் 1189 முதல் இருப்பதாகச் சொல்லும் நாட்டிங்காம் பப்புக்கும் இப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்டோ ஊரில் ஒரு பப் 947 முதல் இருப்பதாகச் சொல்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

பாத்வாசி: கேட்பேன். இந்தப் பழைய பப் சண்டை வேண்டாம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகக்காரர்களே 2000-இல் ஒதுங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் விடவில்லை. சரி, உரிமத்தை எப்போது காட்டுகிறீர்கள்?

கம்பளிப்போர்வை: நீங்கள் ஒரு தடவையாவது உள்ளே போயிருக்கிறீர்களா?

பாத்வாசி: நான் போனேனா இல்லையா என்பது கேள்வி இல்லை. 1552.

யாழ்தேவன்: போகவில்லை என்று விளங்குது.

சைவச்சாப்பாடு: சைவம்?