பி அறிக்கை வழக்கு எப்ப மேல் நீதிமன்றம் போகும்?

குளக்கட்டு:
முல்லைத்தீவுப் பக்கம் காணி எல்லைச் சண்டையில கத்தி வெட்டு. சந்தேகத்தில பிடிச்ச பொடியன் விளக்கமறியலில. நீதவான் நீதிமன்றத்தில மூண்டு தவணை போயிட்டுது, ஒவ்வொரு முறையும் "மேலதிக அறிக்கை" எண்டு இன்னொரு திகதி. விசாரணை ஏன் தொடங்கேல்லை? மேல் நீதிமன்றம் போகுமோ? பிணைக்கு என்ன ஆயத்தம் செய்ய வேணும்?

பாலைமரம்:
தம்பி, குற்றச்சாட்டே இன்னும் தாக்கலாகேல்லை. பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன் நிறுத்த வேணும். அதுக்குள்ள புலனாய்வு முடியாட்டி பொலிஸ் பி அறிக்கை போடும். புலனாய்வு எந்த மட்டில நிக்குது எண்டு நீதவானுக்குத் தெரிவிக்கிற அறிக்கை அது, அவ்வளவுதான். புலனாய்வு முடியுமட்டும் தவணை நீளும்.

வெட்டுக் காய வழக்கு அநேகமாக இழுபடுறது சட்ட வைத்திய அறிக்கையாலதான். காயம் சாதாரணமா, பாரதூரமா, உயிராபத்தானதா, இயல்பாகவே மரணத்தை விளைவிக்கக்கூடியதா எண்டு வைத்திய அதிகாரி வகைப்படுத்த வேணும். எலும்பு வெட்டுப்பட்டால் அல்லது முறிஞ்சால் அது பாரதூரம். தண்டனைச் சட்டக்கோவையின் எந்தப் பிரிவு எண்டதை இந்த வகைதான் பெரும்பாலும் தீர்மானிக்கும்: ஆயுதத்தால காயம் எண்டால் 315, ஆயுதத்தால பாரதூரமான காயம் எண்டால் 317, கொல்லும் எண்ணம் இருந்ததெண்டு கண்டால் 300. காயப்பட்டவரை முல்லைத்தீவிலயிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாத்தினால் அறிக்கை எந்த ஆஸ்பத்திரியில நிக்குது எண்டே தெரியாமல் போகும். அதை முதல்ல தேடுங்கோ.

315 பொதுவா நீதவான் நீதிமன்றத்திலேயே முடியும். 300 எண்டால் வழக்குக் கோவை சட்டமா அதிபருக்குப் போய், அவர் குற்றப்பகர்வுப் பத்திரம் (மேல் நீதிமன்றத்துக்குப் போடுற முறையான குற்றச்சாட்டு) அனுப்பினாப் பிறகுதான் மேல் நீதிமன்றம். அதுவரைக்கும் நீதவான் முன் தவணைதான். இன்னொண்டு: பி அறிக்கை இலக்கம், நீதவான் நீதிமன்ற வழக்கு இலக்கம், மேல் நீதிமன்ற இலக்கம் மூண்டும் வேற வேற. பழைய இலக்கத்தோட பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் "அப்பிடி ஒரு வழக்கு இல்லை" எண்ட பதிலோட திரும்பிற ஆக்கள் கனபேர். ஒவ்வொரு தவணையிலயும் இலக்கத்தை எழுதி வையுங்கோ.

முறிகண்டி:
பிணையைப் பற்றி. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறது விதிவிலக்கு. ஆள் தலைமறைவாகுவார், சாட்சிகளில தலையிடுவார், பிணையில நிண்டு குற்றம் செய்வார், ஊரில அமைதியின்மை வரும்: இந்த மாதிரிக் காரணம் இருந்தால்தான் நீதவான் மறுக்கலாம். எல்லைச் சண்டையில ரெண்டு வீடும் பக்கத்திலயே இருக்கிறதால பொலிஸ் கடைசிக் காரணத்தைத்தான் பிடிக்கும். அதனால பிணை விண்ணப்பத்திலேயே பொடியன் வேற ஊரில ஒரு உறவினர் வீட்டில தங்குவான் எண்டு விலாசத்தோட சொல்லச் சொல்லுங்கோ. இது உண்மையிலயே உதவும்.

வெட்டுப்பட்டவர் பிறகு இறந்தால் நிலைமை மாறும். கொலைக்கு மேல் நீதிமன்றத்திலதான் பிணை கேக்கலாம்.

பிணையாளிகளைக் கட்டளைக்கு முதலே ஆயத்தப்படுத்துங்கோ. அடையாள அட்டை, வதிவிடத்துக்கும் வருமானத்துக்கும் கிராம அலுவலரின் கடிதம், கேட்டால் பிரதேச செயலாளரின் மேலொப்பம். கட்டளை வந்தாப் பிறகு கடிதத்துக்கு ஓடினால் பின்னேரம் அலுவலகம் பூட்டி, பொடியன் திரும்பவும் சிறைக்குத்தான் போவான். காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவிட்ட போங்கோ. சட்டத்தரணி இல்லாமல் தவணைக்கு நிக்கிறது பிழை.

வெள்ளைமணல்:
வாக்குமூலத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. பொலிஸ் சிங்களத்தில எழுதினால் தமிழில வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டு, பிழை இருந்தால் திருத்தின பிறகுதான் கையெழுத்து வைக்க வேணும். பிறகு சாட்சிக் கூட்டில வேற மாதிரிச் சொன்னால், அந்த வாக்குமூலத்தைக் காட்டித்தான் முரண்பாடு எண்டு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடிப்பார். "கத்தி" எண்டு சொன்னது "கோடாலி" எண்டு எழுதுப்பட்டிருந்தால் அந்தச் சாட்சியத்தில நம்பிக்கை போயிடும். காயப்பட்ட பக்கத்துக்கும் இது பொருந்தும்.

பிணையில வந்தாப் பிறகு ஒரு தவணையும் தவற விடாதேங்கோ. வராட்டில் பிடியாணை, பிணையாளிகளுக்கும் அழைப்பு. சுகமில்லை எண்டால் வைத்தியச் சான்றிதழை அண்டைக்கே சட்டத்தரணியிட்ட குடுத்து நீதிமன்றத்தில சமர்ப்பியுங்கோ. தீர்ப்பு பாதகமாக வந்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். நீதவான் தீர்ப்புக்கு மாகாண மேல் நீதிமன்றம், மேல் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கொழும்பில இருக்கிற மேன்முறையீட்டு நீதிமன்றம்.

குளக்கட்டு:
நன்றி. காயப்பட்டவரை யாழ்ப்பாணத்துக்குத்தான் மாத்தினவை. நாளைக்கே சட்டத்தரணியைக் கொண்டு அந்த அறிக்கையைப் பற்றிக் கேட்பிக்கிறன்.