புதுப்பிப்பு: வெளிநாட்டில் முதுகலை, செமினாரில் வாய் திறக்க முடியவில்லை, நண்பர்களும் இல்லை

செப்டம்பரில் இதே தலைப்பில் புலம்பியிருந்தேன். சேர்ந்து ஆறு வாரமாகியும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை, வார இறுதியில் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை இது.

பலனளித்தது, "முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது கேட்டுவிடு" என்ற யோசனைதான். நேரம் போகப் போக நம் கேள்வி ரொம்பப் புத்திசாலித்தனமாக இருக்க வேண்டும் என்ற பயம் கூடிவிடுகிறது. அதனால் கட்டுரையைப் படிக்கும்போதே ஓரத்தில் ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதி எடுத்துப் போனேன். முதல் நாள் குரல் நடுங்கியது, தாளைப் பார்த்தே வாசித்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வாரம் தாள் தேவைப்படவில்லை.

நண்பர்கள் விஷயத்தில், பெரிய வரவேற்பு விருந்துகள் எனக்குச் சரிப்படவில்லை. பெயர் சொல்லிக் கைகுலுக்குவதோடு சரி. வாரா வாரம் ஒரே நாளில் ஒரே ஆட்கள் கூடும் பூப்பந்துக் குழுதான் கைகொடுத்தது. எனக்கு ஆடத் தெரியாது என்பது வேறு கதை.

எதிர்பாராதது ஒன்று: பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய், பேசத் தயங்குகிறேன் என்று சொன்னேன். "உன் மௌனத்தைப் பார்த்துப் பாடம் போரடிக்கிறது என்று நினைத்தேன்" என்றார்!

ஊர் நினைப்பு மட்டும் ஞாயிறு மாலைகளில் இன்னும் வருகிறது.