கேபுரோப்பில் ஃபைல் பெயருக்குப் பதிலாக ‘ஃபால்ட்’ வருகிறது

ஆம்பூர்_பேட்டர்ன்:
ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங் செக்‌ஷனுக்கான பேட்டர்ன் ஃபைல்கள் எல்லாம் அதில்தான். ராத்திரி 2 மணி வாக்கில் டிஸ்க் ஓயாமல் ஓடுகிறது. எது எந்த ஃபைலைத் திறக்கிறது என்று பிடிக்க வேண்டும். பழைய மெஷினில் (லினக்ஸ் கெர்னல் 4.15) ஃபைலைத் திறக்கச் சொல்லி புரோகிராம்கள் கெர்னலைக் கேட்கும் ஓபன்ஏட் சிஸ்டம் காலில் கேபுரோப் (ஓடும் கெர்னல் ஃபங்ஷனை எட்டிப் பார்க்கும் வசதி) வைத்து, சிபியுவின் எஸ்ஐ ரெஜிஸ்டர் காட்டும் இடத்தைப் படித்தால் பெயர் வந்துவிடும். புது மெஷினில் 5.15. ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் ‘எக்ஸ்64’ சேர்ந்திருந்தது, அதை மாற்றிக்கொண்டேன். எல்லா வரியிலும் ‘ஃபால்ட்’, அதாவது அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று. முதல் ஆர்குமென்ட் டிஐ, இரண்டாவது எஸ்ஐ என்ற கணக்கே போய்விட்டதா? மூன்று ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன்.

காட்பாடிக்காரன்:
கணக்கு போகவில்லை தம்பி. டிஐ, எஸ்ஐ, டிஎக்ஸ், சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 வரிசை அப்படியே இருக்கிறது. ஃபங்ஷன்தான் மாறியது. 4.17 முதல் அந்த நுழைவு ஃபங்ஷனுக்கு ஒரே ஆர்குமென்ட்: யூசர் பக்கத்து (அதாவது அழைத்த புரோகிராமின்) ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைத்த பிடி_ரெக்ஸ் ஸ்ட்ரக்சரின் முகவரி. அது டிஐ-யில் வரும். நீங்கள் படித்த எஸ்ஐ-யில் இருப்பது வேறெதற்கோ வைத்த மிச்சம்.

முன்பு குடோன் சீட்டு நேராகக் கைக்கு வந்தது. இப்போது அந்தச் சீட்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று சொல்லும் இன்னொரு சீட்டு வருகிறது. டிஐ காட்டும் இடத்திலிருந்து 104 பைட் தள்ளிப் படியுங்கள், உண்மையான எஸ்ஐ அங்கே இருக்கும். 104 என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம், எண்ணிப் பாருங்கள்: பிடி_ரெக்ஸ் ஆர்15-ல் தொடங்குகிறது, எஸ்ஐ-க்கு முன்னால் 13 ரெஜிஸ்டர், தலைக்கு 8 பைட். அங்கே கிடைக்கும் முகவரியை ‘யூஸ்ட்ரிங்’ வகையாகப் படிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பெயர் யூசர் நினைவகத்தில் இருக்கிறது.

நான்காவது ஆர்குமென்ட் வேண்டுமென்றால் சிஎக்ஸைத் தேடாதீர்கள். கெர்னலுக்குள் நுழையும் சிஸ்கால் கட்டளை, திரும்பும் முகவரியை அதில் எழுதிவிடும். அதனால் சிஸ்டம் காலுக்கு மட்டும் ஆர்10. இதில் நான் ஒரு முழு நாள் மாட்டியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை_போர்டு:
64 பிட் ஆர்ம் போர்டில் பார்ப்பவர்களுக்கு: அங்கேயும் இதே ஏற்பாடுதான். எக்ஸ்0-வில் பிடி_ரெக்ஸ் முகவரி, 8 பைட் தள்ளி எக்ஸ்1.

ஆம்பூர்_பேட்டர்ன்:
அண்ணா, வந்துவிட்டது! 13 ரெஜிஸ்டரையும் பேப்பரில் எழுதி எண்ணினேன். ஆனால் நடுநடுவே இன்னும் சில வரிகளில் ‘ஃபால்ட்’.

காட்பாடிக்காரன்:
அந்தப் பெயர் இருக்கும் மெமரி பேஜ் அந்த நொடியில் நினைவகத்தில் இருக்காது. கேபுரோப்பால் அது வரும்வரை காத்திருக்க முடியாது, விட்டுவிடும். கெர்னலுக்குள் கொஞ்சம் உள்ளே போய் டூ_ஃபில்ப்_ஓபன் ஃபங்ஷனில் வையுங்கள். அதற்குள் கெர்னல் பெயரைத் தன் பக்கம் நகல் எடுத்திருக்கும். அங்கே சாதாரண ஃபங்ஷன் கணக்குதான்: எஸ்ஐ-யில் ஃபைல்நேம் ஸ்ட்ரக்சர், அதன் முதல் உறுப்பே பெயரின் முகவரி. இரண்டு தடவை பின்தொடர்ந்து சாதாரண ஸ்ட்ரிங்காகப் படிக்கலாம். ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே வையுங்கள்; உள்ளே தள்ளி வைத்தால் கம்பைலர் எஸ்ஐ-யை வேறு வேலைக்கு எடுத்திருக்கலாம்.

ஆம்பூர்_பேட்டர்ன்:
நேற்று ராத்திரி ஒரு ‘ஃபால்ட்’ கூட இல்லை. பழைய பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று பேட்டர்ன் ஃபோல்டர் முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.